திண்ணைக்கு இந்தப் பக்கம்: 'நல்ல குடும்பத்துப் பெண்' குறித்துச் சில குறிப்புகள்

1

2007ஆம் ஆண்டு தை மாதத்தில் ஒருநாள் என் அத்தை சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு வந்து ஒரு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். மஞ்சக்குப்பத்தில் எங்கள் தாத்தா சுயசம்பாத்தியத்தில் கட்டிய வீடு. உயில் எதுவும் எழுதாமல் இறந்துபோனார். அந்த வீட்டில் தனக்குள்ள பாகத்தைத் தன் இரண்டு சகோதரர்களுக்கும் மனப்பூர்வமாக விட்டுக்கொடுப்பதாகப் பத்திரம் சொல்லிற்று. "உங்க சம்மதத்தோடதானே அம்மா?" என்று சார்பதிவாளர் கேட்டார். அத்தை முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு, "இதென்ன தம்பி கேள்வி?" என்றார். அலுவலகத்தில் இருந்த எல்லோருக்கும் அந்தப் பதில் பிடித்துப்போயிற்று. பத்திர எழுத்தர் என் அப்பாவிடம், "நல்ல குடும்பம் சார் உங்களுது" என்றார். சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் நான்.

இந்த 'நல்ல குடும்பம்' என்ற சொல்லைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன். இன்னும் சரியாகச் சொன்னால், அந்தச் சொல்லைத் தங்கள் உடம்பில் சுமந்த பெண்களைப் பற்றி. அவர்களுடைய நடை, உடை, உட்காரும் முறை, பேசும் குரல், பேசாமல் விடும் விஷயங்கள் எல்லாவற்றையும் 'நம்ம பண்பாடு' என்று சொல்லிக் கும்பிட்டு ஒதுங்குவது ஒரு வழி. 'ஆணாதிக்கம்' என்ற ஒரே சொல்லில் அடைத்து முடித்துவிடுவது இன்னொரு வழி. இரண்டுமே சோம்பேறித்தனம் என்று எனக்குப் படுகிறது. இந்த மரியாதைகளுக்கு ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் நிலம் இருக்கிறது, கூலி இருக்கிறது, சொத்து இருக்கிறது. பெண்களின் தந்திரமும் இருக்கிறது.

2

எங்க பக்கம் பாட்டியை 'ஆயா' என்றுதான் கூப்பிடுவோம். சென்னைக்குப் படிக்கப் போனபோது, "என்னடா வேலைக்காரியையா சொல்றே?" என்று சிநேகிதர்கள் சிரித்தார்கள். வெள்ளைக்காரர்களின் வீட்டில் பிள்ளை வளர்க்கும் வேலைக்காரிக்கு அந்தப் பெயர். அதே ஒலியுள்ள சொல் எங்கள் வீடுகளில் குடும்பத்தின் மூத்த பெண்ணுக்கு உரியது. கடலூரில் வெள்ளைக்காரர்களின் வீடு ஒன்றும் தூரத்தில் இல்லை. தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடமிருந்து ஆங்கிலக் கம்பெனி 1690இல் விலைக்கு வாங்கியது. சென்னையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்துக்கொண்ட 1746இலிருந்து 1752வரை சோழமண்டலக் கரையில் கம்பெனியின் தலைமையிடமே அதுதான். பின்னால் கடலூர் தென்னார்க்காடு மாவட்டத்தின் தலைநகரானது. கலெக்டர் கச்சேரி, கோர்ட்டு, ஜெயில், அதைச் சுற்றி வக்கீல்கள், குமாஸ்தாக்கள். வக்கீல்களிடம் வழக்கு கொண்டுவந்த தெற்கத்தி மிராசுதார்களின் வீடுகள் சிதம்பரம் பக்கம். மஞ்சக்குப்பத்தில் பெண் எடுப்பதும் சிதம்பரத்தில் பெண் கொடுப்பதுமாக இந்த இரண்டு ஊர்களுக்கு நடுவே ஒரு வர்க்கம் உருவாயிற்று. எங்கள் வீடும் அதில் ஒரு ஓரம். நான் சொல்லப்போவது இந்த வட்டத்தின் பெண்களைப் பற்றி மட்டும்தான். 'தமிழ்ப் பெண்' என்ற பொதுவான ஒருத்தியை நான் பார்த்ததில்லை.

வீட்டின் அமைப்பை முதலில் பார்க்கலாம். தெருவில் திண்ணை. பிறகு நடை. நடையைத் தாண்டினால் கூடம், முற்றம், அடுக்களை, கடைசியில் கொல்லை. திண்ணை ஆண்களுடையது. வழிப்போக்கர்கூட அங்கே படுத்துத் தூங்கலாம். வீட்டுப் பெண் உட்காரக் கூடாது. விடியற்காலையில் வாசல் தெளித்துக் கோலம் போடும்போது அவளுக்குத் தெரு கிடைக்கும், தெருவில் ஆள் நடமாட்டம் தொடங்கும்வரை. யாராவது வந்து, "ஐயா இருக்காங்களா?" என்று கேட்டால் கதவுக்குப் பின்னாலிருந்து பதில் சொல்ல வேண்டும். ஆள் இல்லாவிட்டால் 'இல்லை' என்று சொல்லக் கூடாது, 'வெளியே போயிருக்காங்க' என்க வேண்டும். அரிசி தீர்ந்துபோனால் தீர்ந்துபோச்சு என்று சொல்லக் கூடாது, 'நிறைஞ்சிருக்கு' என்க வேண்டும். புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது. சிதம்பரம் என்ற பெயருள்ளவருக்கு வாழ்க்கைப்பட்டவள் ஊரைக் 'கோயில்' என்று சொல்லிச் சமாளிப்பாள். சைவர்களுக்கு அது வசதியாகவும் இருந்தது. மாதத்தில் மூன்று நாள் 'வீட்டுக்குத் தூரம்' என்று கொல்லைப்பக்கத்து அறை. புருஷன் செத்துப்போனால் அந்தத் தூரம் கல்யாணக் கூடம்வரை நீளும், ஆயுசு முழுவதற்கும்.

இவற்றில் அழகான விஷயங்கள் இல்லை என்று சொன்னால் அது பொய். வந்தவரைப் 'சாப்பிட்டீங்களா?' என்று கேட்பதை ஆயா கேவலமாக நினைப்பார். கேட்டால் கூச்சப்பட்டு 'ஆச்சு' என்று சொல்லிவிடுவார்கள், அதனால் கேட்காமல் இலையைப் போட வேண்டும். கடன் கேட்டு வந்தவளின் முகத்தைப் பார்க்காமல், முறத்தில் எதையோ புடைத்துக்கொண்டே பேசுவார், அவளுக்கு வெட்கமாக இருக்கக் கூடாதென்று. மார்கழித் திருவாதிரையன்று களி கிண்டினால் முதலில் போவது பக்கத்துவீட்டு நோயாளிக்கு. அடுத்தவர் மனசு புண்படாமல் நடந்துகொள்வது எப்படி என்பதை இந்தப் பெண்கள் ஒரு கலையாகவே பயின்றிருந்தார்கள். என் கேள்வி வேறு. அந்தக் கலையின் செலவை யார் கொடுத்தார்கள்?

3

முதலில் ஒரு மாயையைக் கலைத்துவிட வேண்டும். இந்த மரியாதைகள் 'காலங்காலமாக' வருகிறவை அல்ல. நூறு வருஷத்துக்குள் அவை தலைகீழாக மாறியிருக்கின்றன. மூன்று உதாரணங்கள் சொல்கிறேன்: எழுத்து, ரவிக்கை, ஆட்டம்.

சென்னை மாகாணத்தின் கவர்னராக இருந்த தாமஸ் மன்றோ 1822இல் எல்லாக் கலெக்டர்களிடமும் பள்ளிக்கூடங்களைப் பற்றிக் கணக்குக் கேட்டார். வந்த கணக்குகளைத் தொகுத்து 1826இல் அவர் எழுதிய குறிப்பில் பெண்கள் படிக்காததற்கு ஒரு காரணம் சொல்கிறார்: எழுத்தறிவு பெண்ணின் நாணத்துக்குப் பொருந்தாது, பொது இடத்தில் ஆடுகிற பெண்களுக்கே அது ஏற்றது என்று இந்துக்கள் நினைக்கிறார்கள் என்பது அந்தக் காரணம். அதாவது அன்றைக்கு ஒருத்தி நல்ல குடும்பத்துப் பெண் என்பதற்கு அடையாளம் அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பது.

அதற்குப்பின் நாற்பது வருஷம் சென்று, கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் சீர்காழியிலும் மாயூரத்திலும் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை பெண்கள் படிக்கத்தான் வேண்டும் என்று வாதாடுகிறார். 1869இல் அவருடைய 'பெண்மதி மாலை' வருகிறது. படித்த பெண் கெட்டுப்போவாள் என்ற பயத்துக்கு அவர் தரும் பதில், படித்தால்தான் நல்ல மனைவியாக, நல்ல தாயாக இருப்பாள் என்பது. 1905இல் 'சக்கரவர்த்தினி' போன்ற மாதர் பத்திரிகைகள் வந்துவிட்டன. பரங்கிப்பேட்டையில் டேனிஷ் மிஷனைவிட்டு விலகிய ஆன் மரி பீட்டர்சன், காந்தியின் வழியில் 'சேவா மந்திர்' என்று பெண்களுக்கான பள்ளியைத் தொடங்கியது 1920களில். எங்கள் ஆயா 1920களின் நடுவில் மூன்றாம் வகுப்புவரை படித்தார். கல்யாணப் பேச்சில் 'பொண்ணுக்குக் கடுதாசி எழுதத் தெரியும்' என்பது ஒரு தகுதியாகச் சொல்லப்பட்டது. நூறே வருஷத்தில் அவமானம் கௌரவமாயிற்று.

ரவிக்கையும் அப்படியே. ஆயாவின் மாமியார் ரவிக்கை போட்டதே இல்லை. ஆயா போட ஆரம்பித்தபோது, "கூத்தாடிச்சியாட்டம் என்ன இது?" என்று மாமியார் ஒருவாரம் முகம்கொடுத்துப் பேசவில்லையாம். தைத்த உடை ஆடுகிறவர்களுக்கு, சுற்றிய சேலை குடும்பப் பெண்ணுக்கு என்பது அந்தக் கிழவியின் நியாயம். அதே ஆயா, எழுபதுகளில் களத்துமேட்டில் நெல் தூற்ற வந்த ஒரு கிழவி ரவிக்கையில்லாமல் இருப்பதைப் பார்த்து, "அதுங்களுக்கு வெக்கம் ஏது?" என்று சொன்னது என் காதில் விழுந்திருக்கிறது. தன் மாமியாரை அவர் மறந்துபோயிருந்தார்.

மூன்றாவது ஆட்டம். சிதம்பரம் கோயில் கோபுரங்களில் நூற்றெட்டுக் கரணங்களையும் கல்லில் ஆடிக்கொண்டிருப்பவர்கள் பெண்கள். கோயில்களில் ரத்தமும் சதையுமாக ஆடிய பெண்களை 'தேவடியாள்' என்ற சொல்லால் ஊர் வசை பாடிற்று. முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய போராட்டத்தின் முடிவில், 1947இல் பொட்டுக்கட்டுவதைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. பொட்டுக்கட்டும் கொடுமையை அந்த வட்டத்துக்குள்ளிருந்தே அம்பலப்படுத்தியவர் மூவலூர் இராமாமிர்தம். அவருடைய 'தாசிகள் மோசவலை' 1936இல் வந்தது. சட்டம் தேவை; அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. 1935இல் அடையாறில் ருக்மிணி தேவி மேடையேறினார். சதிர் பரதநாட்டியமாகி, நல்ல குடும்பத்துப் பெண்கள் கற்கத் தகுந்ததாயிற்று. 1981இல் சிதம்பரத்தில் நாட்டியாஞ்சலி தொடங்கியபோது அத்தையின் மகள் வயிற்றுப் பேத்திகள் பிறந்திருக்கவில்லை. பின்னாளில் அவர்களில் ஒருத்தி அங்கே ஆடினாள். குடும்பமே முன்வரிசையில் உட்கார்ந்து கண்கலங்கிப் பார்த்தோம். இந்த ஆட்டத்தைப் பரம்பரையாகக் காப்பாற்றிய வீடுகளின் பேத்திகள் எங்கே என்று அன்று எங்களில் யாரும் கேட்கவில்லை.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். 'நல்ல குடும்பத்துப் பெண்' என்ற வடிவத்துக்கு நிலையான உள்ளடக்கம் எதுவும் இல்லை. படிப்பு, உடை, கலை எல்லாம் கோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் வந்துவிட்டன. மாறாமல் இருப்பது கோடு மட்டும். அந்தக் கோட்டுக்கு எப்போதும் எதிர்ப்பக்கத்தில் நிற்க ஒருத்தி வேண்டியிருக்கிறது. நேற்று தாசி, பிறகு ரவிக்கையில்லாத கூலிக்காரி. குடும்பப் பெண் எனும் மையம் தன்னைக் காட்டிக்கொள்வதே இந்த விளிம்பைச் சுட்டித்தான்.

4

கொல்லைப்புறக் கதவுக்கு வருவோம். வாசல் கதவு ஆண்களுக்கும் விருந்தாளிகளுக்கும் என்றால் கொல்லைக் கதவு வேலைக்கு வரும் பெண்களுக்கு. நடவு நட்டு, நெல்குத்தி, சாணி தட்டி, பிரசவம் பார்த்து, தீட்டுத் துணி வெளுத்து அந்த வீட்டின் 'மடி'யையும் 'மரியாதை'யையும் நடத்திக்காட்டியவர்கள் அந்தக் கதவு வழியாக வந்து அந்தக் கதவு வழியாகவே போனார்கள். ஒரு பெண் வெயிலில் நிற்காமல் இருக்க வேண்டுமானால் அவளுக்காக இன்னொரு பெண் வெயிலில் நிற்க வேண்டும். ஆயாவின் மெல்லிய குரலுக்குக் காரணம் அவர் கத்திக் கூப்பிட வேண்டிய தேவையே இல்லாமல் கொல்லையில் ஆள் காத்திருந்தது.

அமெரிக்காவின் தென்மாநிலங்களிலும் இப்படி ஒரு 'சீமாட்டி' இருந்தாள். பருத்தித் தோட்டத்து வீட்டு எஜமானி. மென்மையான பேச்சு, வெயில் படாத தோல், விருந்தோம்பல். அவளுடைய குழந்தைக்குப் பாலூட்டி வளர்த்தவள் ஒரு கறுப்பின அடிமைப் பெண். அந்த அடிமைப் பெண்ணின் குழந்தையை எங்கே வேண்டுமானாலும் விற்றுவிடலாம். மணமான பெண்ணுக்குத் தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ளும் உரிமையை அந்த நாட்டில் முதன்முதலாகத் தந்த சட்டங்களில் ஒன்று 1839இல் மிசிசிப்பி மாநிலத்தில் வந்தது. அதன் பெரும்பகுதி அவள் அடிமைகளை உடைமையாக வைத்துக்கொள்வது பற்றியது. ஒருத்தியின் உரிமை இன்னொருத்தியின் விலங்காக இருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான சாட்சி வேண்டாம். அங்கே அடிமை முறை ஒழிந்தது 1865இல். இங்கே 1843இலேயே அடிமைத்தனத்தைச் சட்டம் ஏற்காது என்று அறிவித்தாகிவிட்டது. ஆனாலும் பண்ணையாள் முறை அதற்குப் பிறகு எத்தனை தலைமுறை நீடித்தது என்று காவிரிப் படுகையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நந்தன் நுழைய முடியாமல் வெளியே நின்றதாகச் சொல்லும் அதே ஊரில் சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் பள்ளியைத் தொடங்க வேண்டியிருந்தது. எங்கள் தெருப் பெண்களுக்குப் படிப்பு ஒரு கல்யாணத் தகுதி. கொல்லைக் கதவு வழியாக வந்த பெண்களின் பிள்ளைகளுக்கு, அந்தக் கதவைவிட்டு வெளியேறும் வழி.

மரியாதை என்பது யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்பது சாதாரண நாட்களில் தெரியாது. 1992இல் அண்ணாமலை நகர் காவல் நிலையத்தில், காவலில் இருந்த ஒருவர் இறந்தார், அவருடைய மனைவி காவலர்களால் வன்புணர்ச்சி செய்யப்பட்டார். தமிழ்நாடே அதைப் பற்றிப் பேசியது. எங்கள் தெருவும் பேசியது. "ராத்திரி நேரத்துல ஸ்டேஷனுக்கு இவ ஏன் போனா?" என்றுதான் பேசியது. புருஷனைத் தேடிப்போனாள் என்று பதில் சொன்னேன். "நம்ம வீட்டுப் பொண்ணுங்க போவாங்களா?" என்று திரும்பக் கேட்டார்கள். நம் வீட்டுப் பெண் போகத் தேவையில்லை, வக்கீல் போவார் என்பது அவர்களுக்குத் தோன்றவே இல்லை. மற்றவர் மனம் நோகாமல் பேசுவதைக் கலையாகப் பயின்ற அந்தப் பெண்கள்தான் இதைச் சொன்னார்கள். திண்ணைக்கு இந்தப் பக்கம் உள்ளவர்களின் மனம்தான் அந்தக் கலையின் எல்லை என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது.

5

இப்படிச் சொல்லி நிறுத்திவிட்டால் கதை முடிந்தது என்று ஆகிவிடும். பெண்கள் வெறும் பொம்மைகள் அல்லர். விதிகளைக் கொண்டே விதிகளை வளைத்தவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேரைச் சொல்கிறேன். ஒருத்தி புராணத்தில் வருபவள். இன்னொருத்தர் வரலாற்றில் வருபவர்.

முதலாமவள் தில்லையில் வாழ்ந்த குயவர் திருநீலகண்டரின் மனைவி. சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் சிதம்பரத்தில் பாடிய பெரியபுராணத்தில் இந்தக் கதை வருகிறது. புருஷன் ஒரு பரத்தையின் வீட்டுக்குப் போய்வந்தான். அவள் அழவில்லை, தாய்வீட்டுக்குப் போகவில்லை, வீட்டு வேலைகளில் எதையும் குறைக்கவில்லை. அவன் நெருங்கி வந்தபோது மட்டும், அவன் உயிரினும் பெரிதாக மதிக்கும் சிவனின் திருநீலகண்டத்தின் மேல் ஆணையிட்டாள், எம்மைத் தொடக் கூடாதென்று. 'என்னை' என்னாமல் 'எம்மை' என்று பன்மையில் சொன்னாள். பெண்ணினம் முழுவதையும் அவள் குறிப்பிட்டதாக எடுத்துக்கொண்டு, இனி எந்தப் பெண்ணையும் மனத்தாலும் தீண்டுவதில்லை என்று அவன் முடிவெடுத்தான். ஒரே வீட்டில், அயலார் யாருக்கும் தெரியாமல், இருவரும் கிழப்பருவம்வரை வாழ்ந்தார்கள்.

இந்தக் கதையைக் கணவனின் பக்திக்கும் உறுதிக்கும் உதாரணமாகவே உபன்னியாசங்களில் சொல்வார்கள். மனைவியின் பக்கமிருந்து இதை வாசித்துப் பாருங்கள். அவளுக்குப் பிரதியில் பெயர்கூட இல்லை. ஆனாலும் மரியாதைக்குரிய வசனமான 'எம்' என்ற பன்மையையும், கணவனே மீற முடியாத கடவுள் பெயரையும் எடுத்துத் தன் உடம்பைச் சுற்றி வேலி போட்டுக்கொண்டாள். கணவனுடைய மொழியாலேயே கணவனை மறுத்தாள். பரத்தை வீட்டுக்குப் போவது ஆணுக்கு இயல்பு என்று ஊர் ஒப்புக்கொண்டிருந்த காலத்தில் இது சின்ன விஷயமல்ல. அதற்கு அவள் கொடுத்த விலையும் தெரிகிறது. அவளுடைய இளமையும் அதே வீட்டுக்குள் பேச்சில்லாமல் கழிந்துபோயிற்று.

கதையின் முடிவு இன்னும் முக்கியம். சிவயோகி வேடத்தில் வந்த இறைவன் ஓட்டை ஒப்படைத்து, அதை மறையச்செய்து, மனைவியின் கையைப் பிடித்துக் குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய் என்று வற்புறுத்துகிறான். மூங்கில் தண்டின் இரண்டு முனைகளை இருவரும் பிடித்துக்கொண்டு குளத்தில் இறங்குகிறார்கள். கையைப் பிடி என்று மறுபடியும் கேட்கப்படும்போதுதான், ஊரே கேட்க, இத்தனை வருஷத்து ரகசியத்தைக் கணவன் சொல்கிறான். சொன்ன பிறகு மூழ்கி எழுகிறார்கள், இளமை திரும்பிவிடுகிறது. சிதம்பரத்தில் இளமையாக்கினார் கோயிலும் குளமும் இன்றும் இருக்கின்றன. அத்தையின் வீட்டிலிருந்து நடக்கும் தூரம். வீட்டு விஷயம் வெளியே போகக் கூடாது என்று நாம் கற்ற மரியாதைக்கு நேர் எதிரான ஒன்றை அந்தக் குளக்கரை சொல்லிக்கொண்டிருக்கிறது. வெளியே சொல்லும்வரை அந்த இருவருக்கும் விடுதலை இல்லை.

இரண்டாமவர் கடலூர் முதுநகரில் 1890இல் பிறந்த அஞ்சலையம்மாள். 1927இல் சென்னையில் நீல் சிலையை அகற்றக் கோரி நடந்த போராட்டத்தில் ஒன்பது வயது மகளோடு கலந்துகொண்டு சிறை போனார். பிள்ளையைச் சிறைக்கு அழைத்துப்போவது எந்த 'நல்ல குடும்ப'த்து இலக்கணத்தில் சேரும்? பின்னர் கர்ப்பிணியாக வேலூர்ச் சிறையில் இருந்து, பிரசவத்துக்காக வெளியே வந்து, பிள்ளை பெற்றபின் மறுபடியும் சிறைக்குத் திரும்பினார். 1937இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். காந்தி கடலூருக்கு வந்தபோது அவரைச் சந்திக்க அஞ்சலையம்மாளுக்குத் தடை இருந்ததாகவும், பர்தா அணிந்து குதிரை வண்டியில் ஏறிவந்து அவர் காந்தியைப் பார்த்ததாகவும் ஊரில் இன்றும் சொல்கிறார்கள். ஆயா இந்தக் கதையைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு குறும்பு தெரியும். பெண்ணை உள்ளே வைப்பதற்கென்று உள்ள துணியைப் போட்டுக்கொண்டு ஒருத்தி வெளியே போய்விட்டாள் என்பதுதான் ஆயாவுக்கு அதில் ருசி என்று நினைக்கிறேன். ஆனால் கதையை முடிக்கும்போது, "அவங்க தைரியசாலி. நமக்கெல்லாம் ஆகுமா?" என்று தன்னைக் கோட்டுக்கு இந்தப் பக்கமே நிறுத்திக்கொள்வார்.

6

மறுபடியும் விடுதலைப் பத்திரம். அத்தைக்குக் கல்யாணம் ஆனது 1956இல். இந்து வாரிசுரிமைச் சட்டம் அமலுக்கு வந்ததும் அதே வருஷம்தான். உயில் எழுதாமல் இறந்த தகப்பனின் சுயசம்பாத்தியச் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு என்று அந்தச் சட்டம் சொன்னது. ஆனால் அதே சட்டத்தின் 23ஆம் பிரிவு, குடும்பம் வசிக்கும் வீடாக இருந்தால் ஆண் வாரிசுகளாகப் பார்த்துப் பிரித்துக்கொள்ளும்வரை பெண் வாரிசு பாகப்பிரிவினை கேட்க முடியாது என்றது. மகள் அங்கே தங்கலாம். அதுவும் மணமாகாதவளாக, விதவையாக, கைவிடப்பட்டவளாக அல்லது பிரிந்து வந்தவளாக இருந்தால் மட்டும். பங்கு உண்டு, ஆனால் கேட்கக் கூடாது. எங்கள் வீடுகளில் பெண்ணுக்குச் சொல்லித்தந்த மரியாதையைப் பாராளுமன்றமே ஒரு பிரிவாக எழுதிவைத்த மாதிரி.

மகளுக்குப் பூர்வீகச் சொத்திலும் பிறப்புரிமை தந்து தமிழ்நாடு 1989இல் சட்டத்தைத் திருத்தியது. அதற்கு முன்பே மணமானவர்களை அது விட்டுவிட்டது. 2005இல் வந்த மத்திய அரசின் திருத்தம் அந்த வித்தியாசத்தை எடுத்துவிட்டது, 23ஆம் பிரிவையும் நீக்கியது. கேட்க முடியாதவளாக இருந்த அத்தை கேட்க முடிகிறவர் ஆனார். ஆயா இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. 2007இல் என் பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் திடீரென்று பத்திரம் ஞாபகம் வந்தது ஏன் என்று இப்போது வாசகர்களுக்கு விளங்கியிருக்கும். அதுவரை அத்தையின் மரியாதையையே நம்பி இருந்தவர்கள், சட்டம் மாறியதும் அந்த மரியாதைக்கு எழுத்து மூலமாக ஒரு ரசீது வாங்கிக்கொண்டார்கள்.

பெண்ணுக்குச் சொத்துக் கொடுத்தால் குடும்ப மானம் போய்விடும் என்பதும் உண்மையில்லை. பெண்களுக்கென்று தனிச் சந்துகள் உள்ள காயல்பட்டினத்தில், தெருவில் முகம் காட்டாத முஸ்லிம் பெண்களுக்குத்தான் வீடு. மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருகிறார். யாழ்ப்பாணத்தில் டச்சுக்காரர்கள் 1707இல் எழுத்தில் பதிந்த தேசவழமையில் தாயின் சீதனம் மகளுக்குப் போகும் வழக்கம் இருக்கிறது. அந்தப் பெண்களை யாரும் மரியாதை தெரியாதவர்கள் என்று சொன்னதில்லை. எங்கள் பக்கத்தில் பங்குக்குப் பதிலாகச் சீர்வரிசை. தலைப் பொங்கல், தலை தீபாவளி, வளைகாப்பு, காதுகுத்து என்று தாய்வீடு தந்துகொண்டே இருக்கும். கணக்குப் பார்த்தால் ஒரு வீட்டின் மூன்றில் ஒரு பங்குக்கு அது எந்தக் காலத்திலும் ஈடாகாது. கணக்குப் பார்ப்பது மரியாதையில்லை என்பதால் பார்ப்பதில்லை. பங்கு கேட்டால் 'பொறந்த வீட்டு வாசல்' மூடிக்கொள்ளும் என்ற பயம் ஒவ்வொரு பெண்ணுக்கும் உண்டு. புருஷன் வீட்டில் ஏதாவது ஆகிவிட்டால் திரும்பி வருவதற்கு அந்த வாசல் ஒன்றுதானே.

அன்று அத்தையைச் சிதம்பரத்தில் கொண்டுபோய் விட நான்தான் காரில் போனேன். புதுச்சத்திரம் தாண்டும்வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு, "வீட்டை என்ன பண்ணப் போறாங்களாம் தம்பி?" என்றார். இடித்து அடுக்குமாடி கட்டப் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று சொன்னேன். கொஞ்சநேரம் கழித்து, "திண்ணையையும் இடிச்சிடுவாங்கல்ல?" என்றார். ஆமாம் அத்தை என்றேன். "ஒருநாள்கூட அதுல உக்காந்ததில்ல பாரு" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் அழுதாரா என்று நான் பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் அப்படிப் பார்ப்பது மரியாதை இல்லை.

அத்தை 2015இல் காலமானார். அடுக்குமாடியில் எனக்கும் ஒரு வீடு வந்திருக்கிறது. அதில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். வீட்டு விஷயத்தை இப்படி வெளியே எழுதலாமா என்று உறவுக்காரர்கள் கேட்பார்கள். இளமையாக்கினார் குளக்கரையில் அந்தக் குயவர் ஊர்முன் சொன்ன பிறகு அவருடைய மனைவி என்ன சொன்னாள் என்று புராணம் சொல்லவில்லை. இங்கேயும் சொல்லிக்கொண்டிருப்பது ஆண்தான். பங்கை அனுபவிக்கிறவனும் அவன்தான். அத்தையின் பெண்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். இதழ் வந்ததும் ஆளுக்கு ஒரு பிரதி அனுப்பப் போகிறேன். கணக்குப் பார்ப்பதை அவர்கள் தொடங்கட்டும்.